முன் சில்லின் உள்பக்கம்

கல்முனையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நாலு கார் நின்றாலும், அதில் ஒன்றின் பக்கத்தில் குந்தியிருக்கும் ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரைக் காணலாம். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, முன் சில்லின் உள்பக்கமாகக் கையை நுழைத்து, மாட்டுக்குச் சினை பார்க்கும் வைத்தியர் மாதிரித் துழாவிக்கொண்டிருப்பார். கார் அவருடையதாக இருக்காது.

டயர் கடைக்காரர் என்று நினைத்தால் தவறு. அவர் சாய்ந்தமருதில் குடியிருந்துகொண்டு, கல்முனைக் கடைத்தெருவில் இருபத்து நாலு வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறவர். மருந்துக் கடை ஜெஸீம் என்றிருந்த பெயர் இப்போது காத்து ஜெஸீம் என்றாகிவிட்டது. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு இளந்தாரிகள் கள்ளன் என்று நினைத்து அவரைத் தோளில் பிடித்து எழுப்பினார்கள். எழும்பிய மனிதர் கோபப்படவில்லை. "உள்ளுக்குக் கம்பி தெரியிது தம்பி. பொண்ணு மாப்பிள்ளைய இதில ஏத்தாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஊர் என்றால் சிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்தானே. ஆனால் பொத்துவில் வீதியில் அவருக்கு நடந்ததை அறிந்தவர்கள் சிரிப்பதில்லை.

பெற்றோல் வரிசை நின்ற வருஷத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஜெஸீம் அந்த வருஷத்தில் தன் பழைய காரை வரிசையில் விட்டு, அதற்குள்ளேயே மூன்று இரவு படுத்தார். நான்காம் நாள் தனக்கு முன்னால் இரண்டு வாகனம் இருக்கும்போது பெற்றோல் முடிந்துபோனது. இனிப் பெற்றோல் காரே வேண்டாம் என்று அன்றைக்கே சத்தியம் பண்ணிக்கொண்டார். அடுத்த வருஷமே, ஜப்பானில் ஓடிக் கழித்து இங்கே வந்த கறண்ட் கார் ஒன்றை வாங்கினார். அதற்குப் பிறகு அவருடைய வாயைக் கேட்கவா வேண்டும். "ஒயில் இல்ல, பெல்ட் இல்ல, சர்வீஸ் இல்ல. கறண்டக் குத்தினாப் போதும்" என்று மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மருந்தோடு சேர்த்து இதையும் கொடுத்தார்.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. கறண்ட் காரும் நாலு றப்பர் சில்லில்தான் நிற்கிறது. போதாததற்கு, இருக்கைக்கு அடியில் நாலு தடித்த ஆட்களின் பாரத்துக்கு ஒரு பெட்டரி. காலை வைத்தால் சத்தமில்லாமல் பாயும். கல்முனைச் சிக்னலில் பச்சை விழுந்தால் மோட்டார்சைக்கிள்காரர்களை முந்துவதில் அவருக்குச் சின்னப்பிள்ளைச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கான விலையை ஒவ்வொரு தடவையும் முன் சில்லுகள் இரண்டும் தங்கள் தோலால் கட்டிக்கொண்டிருந்தன.

இதற்கு மேல் அவருடைய பாசம் வேறு. மனைவி றஹீமாவுக்கு இடுப்பில் தட்டு விலகி நோவு. கார் குலுங்கினால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். குலுக்கம் குறையட்டும் என்று ஜெஸீம் டயரின் காற்றைக் குறைக்கச் சொன்னார். டயர் கடை இன்ஸாப் தலையைச் சொறிந்தான்.

"காக்கா, இது பாரமான கார். முப்பத்தாறு கேக்கும். நீங்க இருபத்தெட்டுப் போடச் சொல்றீங்க."

"பொம்பிளைக்கு இடுப்பு ஏலா இன்ஸாப். மெத்தை மாதிரி இரிக்கணும்."

"உள்பக்கம் கூடத் தேயிற மாதிரி இரிக்கி. ஒருக்கா ஜக்கில ஏத்திப் பாப்பமா?"

"நாளைக்குப் பாப்பம்."

சாரதிக் கதவை ஒட்டி ஜப்பான் எழுத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் அவரால் வாசிக்க முடிந்தது 250 என்ற இலக்கம் மட்டும்தான். அது காற்றின் அளவு என்றும், இன்ஸாப் சொன்ன முப்பத்தாறும் அதுவும் ஒன்றுதான் என்றும் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காருக்கு ஸ்பெயார் சில்லும் கிடையாது. பின்பெட்டியில் விரிப்புக்கு அடியில் ஒரு போத்தலும் கைக்கடக்கமான காற்றடிக்கும் பெட்டியும் இருந்தன. பஞ்சரானால் போத்தலில் உள்ள, ஓட்டையை அடைக்கிற றப்பர்ப் பாலை டயருக்குள் ஏற்றிவிட்டு ஓடலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஜெஸீம் கடையில் ஒரு மாதத்தில் காலாவதியாகப் போகிற மாத்திரையைக்கூடத் தட்டில் வைக்கமாட்டார். திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் காரில் கிடந்த போத்தலைத் திருப்பித் தேதி பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இனி றஹீமாவின் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். றஹீமா ஒரே பிள்ளை. உம்மா மௌத்தாகி எட்டு மாதத்தில் வாப்பா பொத்துவிலில் றாபியா என்ற விதவையை முடித்துக்கொண்டு, வழக்கப்படி அந்த வீட்டுக்கே போய்விட்டார். உம்மாவின் உடுப்புகள்கூட இன்னும் அலுமாரியில் மடித்தபடி இருந்தன. போகிற வாப்பாவை றஹீமா வாசல்வரை வந்து அனுப்பவில்லை. பதினொரு வருஷம் முகம் பார்க்கவுமில்லை. பெருநாளுக்குப் பெருநாள் அவர் போன் எடுப்பார். அவள் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி ஹஜ்ஜுப் பெருநாளில் மட்டும் எடுத்தாள். "மகள்" என்றார். "ஓம் வாப்பா" என்றாள். இருவரும் அழுதார்கள். நோன்புப் பெருநாள் முடிய வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

நோன்பு வர முன்னரே, ஒரு புதன்கிழமை விடியச் சுபஹுக்குப் பிறகு போன் வந்தது. பேசியது ஸஹீத், றாபியாவின் முதல் கல்யாணத்து மகன். ஆஸ்பத்திரியில் கிடந்த வாப்பா மௌத்து. றஹீமா போனைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள்.

"றஹீமா ராத்தா வாறாவா மச்சான்?" என்று ஸஹீத் கேட்டான். "வாறதெண்டா அடக்கத்தப் பின்னேரம் அஸருக்கு வைப்பம். நேரம் எடுத்து வாங்க. நீங்க சொன்ன பிறகுதான் பள்ளியில அறிவிக்கணும்."

இந்த இடத்தில் ஜெஸீம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். மையத்தைப் பிந்த வைக்கக்கூடாது என்பது நம்மவர்களுக்குப் பாலோடு ஊட்டியது. அதோடு, தன்னால் ஒரு ஜனாஸா பிந்தியது என்ற பேச்சு வேண்டாம் என்றும், தன் கார் எழுபது கிலோமீற்றரை ஒன்றரை மணித்தியாலத்தில் பிடித்துவிடும் என்றும் ஒரு நினைப்பு.

"எதுக்கு அஸர்? மத்தியானம் லுஹருக்கே வைங்க தம்பி. பத்தரைக்கு நாங்க அங்க நிப்பம்."

றஹீமா நிமிர்ந்து பார்த்தாள். பொத்துவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜெஸீமின் வாயால் வந்த நேரத்தை ஊருக்குச் சொல்லிவிட்டது.

பெட்டரியில் பாதி கூட இருக்கவில்லை. ஏற்றி முடிய ஒன்பதாகிவிட்டது. அக்கரைப்பற்றுத் தாண்டியதும் காரின் தலை இலேசாக இடப்பக்கம் இழுத்தது. காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். திருக்கோவில் கழிந்து, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பற்றைக்காடுமாக வீடு வாசல் இல்லாத இடத்தில், பத்துப் பத்துக்கு, டப் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை உதறியது. ஒருவாறு ஓரங்கட்டி நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தால் இடப்பக்க முன் சில்லு தரையோடு தரையாக இருந்தது. வெளியிலிருந்து பார்க்கப் புது டயர் மாதிரிப் பூப்பூவாகத் தடம். ஆணியைத் தேடினார். இல்லை. சரி, போத்தல் இருக்கிறதே என்று பின்பெட்டியைத் திறந்தார்.

"என்ன செய்யப்போறீங்க?" என்று றஹீமா கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் புள்ள. இத ஏத்தினா ஓடும்."

அப்போது அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ் வந்தது. றஹீமா கைப்பையோடு இறங்கி வீதிக்கு வந்துவிட்டாள். பஸ் வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் தொங்கிக்கொண்டு "பொத்துவில், பொத்துவில்" என்றான். படியிலும் ஆட்கள் நின்றார்கள்.

"இந்த இடுப்போட நின்டுகிட்டா போகப்போற?" என்றார் ஜெஸீம். "சொல்றன்தானே, அஞ்சு நிமிஷம்." பஸ்ஸைப் போகும்படி கையால் காட்டினார். பஸ் போய்விட்டது.

காற்றுப் பெட்டியில் போத்தலைப் பூட்டி, குழாயைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். பால் ஏறவில்லை. போத்தலைக் குலுக்கினால் உள்ளே தயிர்க்கட்டி மாதிரி ஏதோ உருண்டது. அப்போதுதான் திருப்பினார். அடியில் தேதி இருந்தது. காலாவதியாகி ஆறு வருஷம். அந்த இலக்கத்தைப் பார்த்தபோது அவருக்குக் கடையில் நிற்பது போலவே இருந்தது. வேறொருவர் கடையிலென்றால் கிழித்திருப்பார்.

போன் அடித்தது. ஸஹீத். "எங்க மச்சான்?"

"வந்திட்டம் தம்பி. சின்னொரு வேலை. வந்திடுவம்."

உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. லுஹர் என்று நேரம் வைத்தவர் அவரல்லவா. மணி பத்து நாற்பது. வெறும் காற்றையாவது அடித்துப் பார்ப்போம் என்று அடித்தார். எங்கேயோ சீறிக்கொண்டு போனது. கடைசியில், வெள்ளைச் சாரத்தோடு வெயில் கொதித்த தாரில் மல்லாந்து படுத்து, தலையைக் காருக்கடியில் விட்டுப் பார்த்தார். அங்கேதான் இருந்தது. டயரின் உள்விளிம்பு சுற்றிவரத் தேய்ந்து, றப்பர் போய், கம்பி நரை மயிர் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் போகிற கிழிசல். புதுப் போத்தல் பத்து இருந்தாலும் அதை அடைக்காது. ஆணி குத்திய ஓட்டைக்குத்தான் அந்தப் பால். ஆணிக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் பார்க்க அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், முதல் நிமிஷத்திலேயே குனிந்து கையை உள்ளே விடுவது ஒன்றுதான்.

பதினொன்று இருபதுக்கு அவரே ஸஹீதுக்கு எடுத்து நடந்ததைச் சொன்னார்.

"குளிப்பாட்டிக் கபனிட்டாச்சு மச்சான். சந்தூக்கு வந்திட்டு. சனம் வயலால எல்லாம் வந்து நிக்கிது. பத்து மணிக்கே சொல்லியிருந்தா நான் வேன அனுப்பியிருப்பனே."

போனிலாவது முகத்தைக் காட்டலாமா என்று ஜெஸீம் கேட்டார். மையத்தைப் படமெடுக்க அந்த வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அதையும் ஸஹீத் மெதுவாகத்தான் சொன்னான். றஹீமா வீதியோரம் ஒரு கல்லில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது.

கச்சான் கடலை மூடை ஏற்றிய சின்ன லொறி ஒன்று தானாகவே வந்து நின்றது. தம்பிலுவில் ஆள், பெயர் வேலப்போடி. பொத்துவில் சந்தைக்குப் போகிறவர். சில்லைப் பார்த்தார். றஹீமாவின் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி முன்னுக்கு ஏறுங்க. நீங்க பின்னால மூடையில இரிங்க தம்பி."

அந்த மனிதர் கச்சான் சிந்தச் சிந்த ஓட்டினார். அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும். ஆனால் அன்றைக்கு முப்பது கிலோமீற்றரை யாரும் சுருட்டி எடுக்க முடியாது. ஊருக்குள் நுழையும்போது லுஹர் பாங்கு முடிந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் ஆண்கள் எவருமில்லை. கழற்றிப் போட்ட செருப்புகள்கூட இல்லை.

ஆண் என்றால் பள்ளிக்கு ஓடலாம், மையவாடிக்கு ஓடலாம். மையத்தைத் தூக்கிய சந்தூக்கு வாசலைத் தாண்டிவிட்டால் பெண்ணுக்கு அதோடு முடிந்தது. உள்ளே கட்டில் வெறுமையாக இருந்தது. குளிப்பாட்டிய இடத்துத் தண்ணீர் இன்னும் காயவில்லை. கற்பூர வாசம். பதினொரு வருஷமாக றஹீமா எந்தப் பெயராலும் அழைக்காத றாபியா அவளைக் கட்டிப் பிடித்தாள். "ஏலுமான மட்டும் பாத்துப் பாத்து இரிந்தம் மகள்" என்றாள்.

ஜெஸீம் ஓடினார். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசை கிடைத்தது. மையவாடியில் கபுறுக்குள் இறக்கி, கபன் துணியின் தலைக்கட்டை அவிழ்க்கும்போது ஸஹீத் திரும்பிப் பார்த்தான்.

"மச்சான், முன்னுக்கு வாங்க. முகத்தப் பாருங்க."

சனம் விலகி வழிவிட்டது. ஜெஸீம் தன் கையைப் பார்த்தார். முழங்கைவரை கரி. அவளுக்குக் கிடைக்காத முகத்தை, கிடைக்காமல் பண்ணியவன் போய்ப் பார்ப்பதா? தலையை அசைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று பிடி மண் மட்டும் போட்டார்.

அன்று மாலை றஹீமா கேட்டாள். "நீங்க முகம் பாத்தீங்களா?"

இல்லை என்று சொன்னால் அவளுக்கென்று ஒன்றுமே மிஞ்சாது என்று அவருக்குத் தோன்றியது. "ஓம்" என்றார்.

"எப்பிடி இரிந்திச்சி?"

"நித்திரை கொள்ற மாதிரி. தாடி வெள்ளை வெளேரெண்டு நெஞ்சு மட்டும் கிடந்திச்சி. முகத்தில ஒரு ஒளி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவரைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஏசியிருந்தால் அவர் இவ்வளவு கெட்டிருக்கமாட்டார்.

கழற்றிய டயரை இன்ஸாப் இரண்டாக வெட்டிக் காட்டினான். காற்றுக் குறைந்தால் நடு தப்பி விளிம்பு தேயும், முன் சில்லுகளின் நேர் பிசகியிருந்தால் அதுவும் உள்விளிம்பையே தின்னும், அதற்கு மேல் இந்தப் பாரம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது என்றான். தட்டிக்கழித்தது எத்தனை நாளைக்கு என்று ஜெஸீம் எண்ணிப் பார்த்தார். ஏழு மாதம்.

இப்போது அவருடைய காரின் பின்பெட்டியில் வேறொன்றுக்கும் இடமில்லை. கழித்த கார்கள் விற்கிற இடத்தில் தேடி வாங்கிய முழுச் சில்லு ஒன்று, ஜக்கு, காற்றளக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான், தேதி பெரிதாக எழுதி ஒட்டிய புதுப் போத்தல். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, முப்பத்தாறு பார்க்கிறார். றஹீமாவுக்கு இடுப்புக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறார். அதை முதலிலேயே செய்திருக்கலாம். மருந்து வாங்க வருகிறவர் கறண்ட் கார் வைத்திருந்தால், மருந்தைக் கட்ட முதல் வெளியே போய்ச் சில்லுக்குள் கையை விட்டுவிடுகிறார். போன மாதம் ஒரு டொக்டரைக் காரிலிருந்து இறக்கிவிட்டார். அதுதான் ஊர் சிரித்த கதை.

வாப்பா மௌத்தாகி வருஷம் ஒன்று கழிந்து, வெள்ளிக்கிழமை ஒன்றில் ஸஹீத் வந்தான். றாபியா கொடுத்துவிட்ட தயிர்ச்சட்டி கையில். அவனும் புதிதாகக் கறண்ட் கார் வாங்கியிருந்தான். அதிலும் ஸ்பெயார் சில்லு இல்லை. றஹீமா அவனை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி வைக்க, ஜெஸீம் வாசலில் அவன் காருக்குப் பக்கத்தில் குந்தினார். யன்னல் திறந்திருந்தது. உள்ளே றஹீமாவின் குரல் கேட்டது.

"வாப்பா கபுறுக்குள்ளயும் ஒளியா இரிந்தாராமே தம்பி. தாடி நெஞ்சு மட்டும் வெள்ளை வெளேரெண்டு கிடந்ததாம். உங்கட மச்சான் சொன்னார்."

"தாடியா?" என்றான் ஸஹீத். "அது ஆஸ்பத்திரியில வாயில மூக்கில மாஸ்க் போடக்குள்ளயே வழிச்சிட்டாங்களே ராத்தா. மௌத்தாகக்குள்ள தாடி இல்ல. கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடந்தார்."

ஜெஸீமின் கை சில்லுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு றஹீமா பொத்துவிலில் மழை பெய்ததா என்று கேட்டாள். ஓம், வயலுக்குப் போதும் என்றான் ஸஹீத்.

கொஞ்ச நேரத்தில் அவள் வாசலுக்கு வந்தாள். அவர் எழும்பவில்லை.

"நீங்க பாக்கல்ல" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"உன்ன விட்டுட்டு எந்த முகத்தோட பாக்கிற, புள்ள?"

றஹீமா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு நோவென்றால் அப்படித்தான் நிற்பாள். "ஒரு வருஷமா நான் அந்தத் தாடியப் பாத்துத்தான் வாப்பாக்கு துஆக் கேட்டன்" என்றாள்.

அவள் உள்ளே திரும்பியவள், நின்றாள்.

"தம்பி இருட்ட முதல் போகணுமாம். சில்லப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"உள்பக்கம்?"

ஜெஸீம் கையை வெளியே எடுத்துக் காட்டினார். முழங்கைவரை கரி. றஹீமா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கை கழுவ ஒரு சவர்க்காரத் துண்டையும் வாளியில் தண்ணீரையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.